ஜன்னலோரக் கட்டில்

நாயைக் கொடுத்துவிட்டாள், கோழிகளைக் கொடுத்துவிட்டாள், மகன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே இந்த ராஜத்துக்கு இத்தனை அவசரம் ஏன் என்று போன வாரம் படித்தவர்கள் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். அவளைக் கேட்டால் அவசரமே இல்லை என்பாள். புருஷன் ஏசுபாதம் போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருடமாகப் பொறுத்துத்தானே இருந்தேன் என்பாள்.

எல்லாம் அந்தக் கட்டிலால் வந்த வினை.

மறைமலைநகரிலிருந்து பேத்தி சிநேகா வீடியோ காலில் பேசும்போது போனைக் கையில் பிடித்தபடி வீடெல்லாம் ஓடுவாள். அப்படி ஓடிய ஒரு நாளில் அவளுடைய அறை தெரிந்தது. ஜன்னல் ஓரமாகப் புதிதாக ஒரு கட்டில். வயதானவர்கள் காலை ஊன்றி இறங்கத் தோதாக, உயரம் குறைந்த கட்டில். மெத்தையைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தலைமாட்டுச் சுவரில் சின்னதாக ஒரு சிலுவை.

ராஜம் எதுவும் கேட்கவில்லை. அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக் கையோடு அழைத்துப் போகப் போகிறான், அதுதான் பிள்ளை கமுக்கமாக இருக்கிறான் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

தகப்பன் இறந்த புதிதில் மகன் ஜெரோம் கூப்பிடத்தான் செய்தான். "மேஸ்திரிய வுட்டுட்டு நான் எங்க வர்றது?" என்று அப்போது மறுத்தவள் அவளேதான். அவன் இருக்கிற அடுக்குமாடியில் நாய் வளர்க்கக் கூடாது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

மேஸ்திரி என்பது நாயின் பெயர். ஏசுபாதம் காலமெல்லாம் டவுன்ஷிப்பில் தோட்டக் கூலியாக இருந்து, மேஸ்திரிகளிடம் திட்டு வாங்கியே ஓய்ந்தவர். குட்டியாக வந்த செவலை நாய்க்கு அந்தப் பெயரை வைத்து, "டேய் மேஸ்திரி, இங்க வாடா, குந்துடா" என்று சாகும்வரை அதிகாரம் செய்து தீர்த்துக்கொண்டார்.

இந்த ஆடியில் ராஜம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மேஸ்திரி கட்டிலடியை விட்டு நகரவில்லை. நகராமல் இருந்து என்ன செய்ய? ஒரு வாய் தண்ணீர் மொண்டு கொடுக்க நாயால் ஆகுமா? அன்றைக்குத்தான் அவளுக்குத் தனிமை என்றால் என்னவென்று புரிந்தது. இன்னொரு தரம் பிள்ளை கூப்பிட்டால் மறு பேச்சில்லை என்று அப்போதே நினைத்துவிட்டாள்.

அதனால்தான் போன வாரம் கோழிகளைக் கூடையில் போட்டு, மேஸ்திரியைக் கயிற்றில் பிடித்து, குப்பத்து வச்சலாவின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாயையும் கோழிகளையும் வச்சலாவின் அம்மிக்கல்லை மூன்று சுற்று சுற்ற வைத்தாள். அம்மியைச் சுற்றிய உயிர் அந்த வீட்டோடது. பிறகு அது பழைய வீட்டைத் தேடாது. ஆனால் திரும்பக் கேட்கவும் கூடாது, கேட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. குப்பத்து மீன்காரர்களுக்கும் இதே வழக்கம்தான், காலனியில் இருக்கிற கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கும் இதே வழக்கம்தான்.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள்.

விடிந்ததும் பழக்க தோஷத்தில் கோழிக்கூண்டைத் திறக்கப் போனாள். கூண்டு காலி. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, தான் நின்றதை யாரோ பார்த்துவிட்டது போல, விறுவிறுவென்று தோட்டத்துக்குள் போனாள்.

ராத்திரி மழையில் அவரைப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பூ விட்டுப் பிஞ்சு பிடிக்கிற சமயம். காய் பறிக்கிற நேரத்தில் இங்கே இருக்கமாட்டோம் என்று நினைத்தபடியே கழியை நட்டு நிமிர்த்திக் கட்டினாள். கல்லறைக்கென்றே விதைத்த கோழிக்கொண்டைப் பூக்களை அரிந்து அன்னக்கூடையில் நிரப்பினாள். விறகுக் கட்டுக்கு அடியில் குடியிருக்கும் கீரி தலையை நீட்டிப் பார்த்தது. நாய் இல்லை என்று தெரிந்துகொண்டு முற்றத்தின் நடுவே நிதானமாக நடந்து போனது. "உனக்கு நல்ல காலம்டா," என்றாள் ராஜம்.

சவுக்குத் தோப்பிலிருந்து நொண்டி மயில் வந்தது. பெட்டை. ஒரு காலை இழுத்து இழுத்து வேலியோரமாக வந்து நின்று அவளையே பார்த்தது. தினமும் வருகிற விருந்தாளி. கோழிகளோடு நொய் மூட்டையையும் வச்சலாவுக்குக் கொடுத்தது அப்போதுதான் ராஜத்துக்கு நினைவு வந்தது. உலைக்கு ஊற வைத்திருந்த அரிசியில் ஒரு கை அள்ளி வந்து போட்டாள்.

"நாயிக்கு ஆளு கீது, கோழிக்கு ஆளு கீது. உன்ன யாராண்ட குடுக்கிறது? நீ எவ வூட்டு அம்மிய சுத்துவ?"

மயில் கொத்தித் தின்றுவிட்டு வந்த வழியே போய்விட்டது.

பழைய கார் ஒன்று தெருவுக்குள் நுழைந்த சத்தம் கேட்டதும் ராஜம் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முதலில் குதித்தது சிநேகா.

"ஆயா! மேஸ்திரி எங்க?"

"சுத்தப் போயிருக்கும்டி கண்ணு, வரும்." மகன் விஷயத்தைச் சொல்லட்டும், அப்போது நாயைக் கொடுத்துவிட்டதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் பை தயாராக இருந்தது. அதில் புடவைகள், மாத்திரை, ஜெபமாலை, எல்லாவற்றுக்கும் மேலே சுவரிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிய ஏசுபாதத்தின் போட்டோ.

ஜெரோம் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். உட்கார்ந்ததும் சட்டைப் பட்டனைத் தளர்த்தி, "இன்னாம்மா, இளைச்சிப் போய்ட்ட?" என்று ஆரம்பித்தான். ராஜம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை, டோல்கேட் நெரிசல், நைட் ஷிஃப்ட் என்று அவன் எதையெதையோ பேசினான். அதைத் தவிர எல்லாம் பேசினான்.

மருமகள் ஜாக்குலின் அடுப்படியில் வெங்காயம் உரித்தாள். கெட்டிக்காரி, அதிகம் பேசாதவள். அவளுடைய போன் அடித்தது.

"ம்மா, மாத்திர போட்டுகினியா? பாத்துக்க வெச்ச பொண்ணு பக்கத்துலதான கீது?... தே, கட்டில்லேர்ந்து நீயா எறங்கக் கூடாது, சொல்லிட்டேன். ஜன்னல் கம்பிய புடிச்சிகினு எழுந்துக்கிற வேலையெல்லாம் வாணாம். நாங்க சாயங்காலம் வந்துடுவோம்."

ராஜம் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

ஜாக்குலினின் தாய் மேரி இருப்பது அச்சரப்பாக்கத்தில். அவளிடம் எந்த ஜன்னலைப் பற்றி, எந்தக் கட்டிலைப் பற்றி இவள் பேசுகிறாள்? புரிவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்த பிறகு கரண்டியை மறுபடி அசைக்கத்தான் நேரம் பிடித்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் ஜெரோமே சொன்னான். "மேரி அத்த பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து இடுப்புல பிளேட் வெச்சிருக்காங்கம்மா. அவங்க புள்ள ஆல்வின் குவைத்துல கீறான், அவனால வர முடியாது. அதான் நம்ம வூட்டோடவே வெச்சிகினோம். உனக்குப் போன்ல சொன்னா கஷ்டப்படுவியேன்னு சொல்லல."

"நான் எதுக்குடா கஷ்டப்படப் போறேன்? பெத்தவள பாக்காம வேற யாரப் பாக்கிறது?" என்றாள் ராஜம். நியாயமாகத்தான் சொன்னாள். மேரி நல்லவள், இடுப்பு ஒடிந்து கிடக்கிறவள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் ராஜத்துக்குத் தாங்க முடியவில்லை.

"நீயும் அங்க வந்துட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றான் ஜெரோம், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஆனா உன்ன இங்கேர்ந்து நகத்த முடியுமா? அந்த நாய வுட்டுட்டு நீ வந்துடுவியா?" அவன் சிரித்தான். கேலியாகச் சொன்னதுதான். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

வுட்டுட்டேன்டா, எப்பவோ வுட்டுட்டேன். இது தொண்டைவரை வந்துவிட்டது. ராஜம் எழுந்து போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தாள்.

"கோழி அடிக்கலையாம்மா இந்த வாட்டி? கூண்டே காலியா கீது?"

"சீக்கு வந்து எல்லாம் போய்ட்ச்சி."

"அய்யய்யோ. நைனா போட்டோவும் காணோமே? ஆணிதான் கீது."

"கண்ணாடி விரிசல் வுட்டுட்ச்சி. மாத்தக் குடுத்துக்கிறேன்."

வேண்டிய நேரத்துக்குப் பொய்கள் வரிசையாக வந்து கைகொடுத்தன. இத்தனை வருடம் ஞாயிறு பூசை தவறாதவளுக்கு இவ்வளவு வரும் என்று அவளுக்கே தெரியாது.

ஜாக்குலின் தட்டைக் கழுவிவிட்டுப் புடவை மாற்ற உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். சாத்தினால் கதவுக்குப் பின்னால் இருக்கிற பை கண்ணில் படாமல் எப்படிப் போகும்? ஜிப்பைக்கூட ராஜம் மூடவில்லை. துண்டு வேறு வழுக்கலான துண்டு, போட்டோவின் ஓரம் வெளியே தெரியும்.

வெளியே வந்த ஜாக்குலின் தலைப்பைச் சரிசெய்துகொண்டே மெதுவாகக் கேட்டாள். "எங்கனா ஊருக்குப் போறீங்களா அத்தை?"

"வேளாங்கண்ணிக்கு. கோயில்லேர்ந்து வேன் போட்டுக்கிறாங்க."

"சரிங்க அத்தை," என்றாள் ஜாக்குலின். அவ்வளவுதான். ஆனால் வாசலைத் தாண்டும்போது கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். மேஸ்திரியின் சோற்றுச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததையும் பார்த்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் பளிச்சென்று இருந்தன. ஊதுவத்திப் புகையும் சாமந்தி வாசமும் ஈர மண்ணும் கலந்து அடித்தன. சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வரிசையாக வந்தார். ராஜத்தின் முகத்திலும் நாலு சொட்டு விழுந்தது. தீர்த்தத்தைத் துடைப்பது போல முகத்தை முழுக்கத் துடைத்துக்கொண்டாள். வசதியாகப் போயிற்று.

கோழிக்கொண்டைகளைச் சிலுவை மாதிரி அடுக்கினாள். ஏசுபாதத்துக்குப் பிடித்த பீடிக்கட்டையும் ஒரு பன்னையும் தலைமாட்டில் வைத்தாள். ஜெரோம் மெழுகுவர்த்தி ஏற்றினான். காற்றுக்குச் சிநேகா இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"அத்தை, சாவி குடுங்க," என்றாள் ஜாக்குலின். "டிபன் கேரியர அடுப்பாண்ட வெச்சிட்டு வந்துட்டேன். கார எடுத்துகினு போய் வந்துடறேன்."

ராஜம் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போன மருமகள் திரும்பி வர ஒரு டிபன் கேரியருக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாகவே ஆனது. வந்ததும் சாவியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, ஒரு நொடி அப்படியே பிடித்திருந்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிளம்பலாங்க. அந்தப் பொண்ணு ஆறு மணிக்கெல்லாம் போய்டும். அம்மா தனியா இருப்பாங்க."

"மெழுகுவர்த்தி அணையிற வரைக்கும் இருக்கணும்டா," என்றாள் ராஜம் மகனிடம். பாதிகூட எரியவில்லை.

"அதான் நீ கீறியேம்மா." ஜெரோம் அவள் தோளைத் தொட்டான். "வேளாங்கண்ணிக்கிப் போறியாமே, ஜாக்குலின் சொன்னா. எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ."

சிநேகா காரின் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாள். "மேஸ்திரி வந்தா நான் வந்தேன்னு சொல்லு ஆயா!"

ராஜம் இருந்தாள். பக்கத்துக் கல்லறைகளில் குடும்பம் குடும்பமாக எழுந்து போனார்கள். "இன்னா ராஜம்மா, புள்ள கிளம்பிட்ச்சா?" என்று போகிறபோக்கில் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். மெழுகுவர்த்தி கரைந்து, சாய்ந்து, ஒரு குமிழியாகத் துடித்து அணைந்தது. ஏசுபாதத்திடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. "வுட்டுட்டுப் போய்ட்டியேய்யா," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகிற பாதையை விட்டு, கால்கள் குப்பத்துப் பக்கம் திரும்பின. மேஸ்திரியைத் திரும்பக் கேட்டுவிடுவது என்றுதான் போனாள். ஆகாது என்றால் ஆகாமல் போகட்டும். இதற்கு மேல் ஆகாமல் போக என்ன இருக்கிறது?

வச்சலா வாசலில் மீன் செதிலைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில், வலைக் கயிற்றில் கட்டியிருந்த மேஸ்திரி, ராஜத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தது. கயிறு இழுத்துக் கழுத்து நெரிபட, முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்று கத்தியது.

"இன்னாக்கா, கார்ல போறேன்னு சொன்ன? நீ இங்க கீற?" வச்சலா வாளியை வைத்துவிட்டு எழுந்தாள்.

குப்பத்தில் இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் வீட்டுக்கே போகிறேன், ஜன்னலோரமாகக் கட்டில்கூடப் போட்டாகிவிட்டது என்று போன வாரம் இதே இடத்தில் நின்று, இவர்கள் எல்லாருக்கும் கேட்கிறாப்போல் சொன்னவள் அவள்.

"வர்ற ஞாயித்துக்கெழம வந்து இட்டுகினு போறன்னுக்கிறான்," என்றாள் ராஜம். "அவனுக்கு ஷிஃப்ட்டு."

"அப்ப சரி. இந்தா, இது ஒரு வாய் சோறு துன்ன மாட்டேங்குதுக்கா. மீன் தலையப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டு படுத்துக்குது. மூணு சுத்து ஒழுங்காத்தான சுத்துனோம்? நீ உங்கையால போடு, துன்னும்."

சட்டியை நீட்டினாள் வச்சலா. மேஸ்திரி குரலை அடக்கிக்கொண்டு வாலை மட்டும் தரையில் அடித்தது. ராஜத்தின் கை பாதிவரை நீண்டது. போட்டால் தின்னும். தின்றால் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். வந்தால் ஊருக்குத் தெரிந்துபோகும்.

"வாணாம் வச்சலா. நான் போட்டா மறுபடியும் என்னதான் தேடும். பசிச்சா தானா துன்னும்."

திரும்பி நடந்தாள். அது கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ஷிஃப்ட்டும் இல்லை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

பூட்டைத் திறந்து, இருட்டில் தடவி, லைட்டைப் போட்டாள்.

சுவரில் ஏசுபாதம் இருந்தார்.

பழைய ஆணியில், பழைய இடத்தில், கொஞ்சம்கூடக் கோணாமல். கண்ணாடி நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது. கல்லறைக்கு எடுத்துப் போனது போக மிச்சமிருந்த கோழிக்கொண்டைகளை யாரோ நூலில் கட்டி மாலையாகப் போட்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் பை இருந்தது. ஜிப் மூடியிருந்தது.

ராஜத்துக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. துணியை உருவியது போல் இருந்தது. நீ இங்கேயே இரு என்று சொல்லத்தான் மாட்டினாளா? இல்லை, எனக்குத் தெரியும் அத்தை என்று சொல்ல மாட்டினாளா? எது என்று விளங்கவில்லை. மாலையைத் தொட்டுப் பார்த்தாள். அவசரத்தில் கட்டிய முடிச்சாக இல்லை. பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

"எறக்குனவ நானு," என்று புருஷனிடம் சொன்னாள். "ஏத்துனவ அவ."

போன் அடித்தது. ஜெரோமாக இருக்கும், போய்ச் சேர்ந்த செய்தி சொல்வான் என்று எடுத்துப் பார்த்தாள். ஜாக்குலின் படம் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியாரை நேராகக் கூப்பிட்டதில்லை. எப்போதும் ஜெரோமின் போனில் இரண்டு வார்த்தை பேசிக் கொடுத்துவிடுவாள்.

"சொல்லும்மா. போய்ட்டீங்களா?"

லாரி ஒன்று கடந்து போகிற இரைச்சல். யாருக்கும் கேட்கக் கூடாதென்று காரை நிறுத்தச் சொல்லி, இறங்கித் தள்ளி வந்து நின்று பேசுகிறவள் போல மூச்சு வாங்கியது.

"அத்தை," என்றாள் ஜாக்குலின். "மேஸ்திரிய யாராண்ட குடுத்தீங்க?"

குப்பத்துப் பக்கமிருந்து கடல் காற்றோடு மேஸ்திரியின் ஊளை வந்தது. போனுக்குள்ளும் கேட்டிருக்கும். காலையிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த பொய்களில் ஒன்றுகூட இப்போது ராஜத்தின் வாய்க்கு வரவில்லை.